அப்பா போட்ட கையெழுத்து

கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து, புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரே நாளில் கல்லூரியில் போய்ச் சேர்ந்தவர்கள் அவர்கள். பேர் சொல்லும்படியான பெரிய கல்லூரி இல்லை. வேலைக்குப் போகிறவர்களும், பிள்ளை பெற்றவர்களும், பாதியில் படிப்பை விட்டவர்களும் சாயங்காலம் வந்து படிக்கிற சமுதாயக் கல்லூரி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மூன்று மாடிக் கட்டடம். அங்கே இருந்த லிஃப்டைப் பழுது பார்க்கத்தான் அவர் முதலில் போனார். அப்போது அவர் லிஃப்ட் கம்பெனியில் எடுபிடி வேலை. மூன்றாவது மாடியில் வேலையை முடித்துப் பையை மூடும்போது, எதிர்த்த வகுப்பில் மின்சாரப் பாடம் நடந்துகொண்டிருந்திருக்கிறது. கதவோரம் நின்று முக்கால் மணி நேரம் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வரும்போது கையில் இரண்டு விண்ணப்பம்.

"ரெண்டு எதுக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"ஒண்ணு உனக்கு. நான் மட்டும் படிச்சுட்டு வந்து உன்கிட்ட பெருமையடிச்சா நல்லாவா இருக்கும்? நீயும் படி. ரெண்டு பேரும் சேர்ந்து அடுத்தவங்ககிட்ட பெருமையடிக்கலாம்."

அவள் குழந்தைகள் காப்பகத்தில் ஆயா வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைக் கல்வி டிப்ளமோவில் சேர்ந்தாள். சேர்ந்த அன்றைக்கே அவர் அவளை 'டீச்சர்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். முதலில் கேலி, பிறகு அதுவே பழகிப்போனது. மகளுக்கு அப்போது ஏழு வயது. விட்டுவிட்டு வர ஆள் இல்லாததால் அவளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பின்வரிசையில் உட்கார்ந்து படம் கீறியே மூன்று வருஷம் ஓட்டினாள். பதினேழு வயதாகியும் வீட்டில் அவள் பெயர் இன்னும் 'பாப்பா'தான்.

படித்து முடித்து அவர் மெக்கானிக் ஆனார், அவள் காப்பகத்திலேயே ஆசிரியை ஆனாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவருக்கு மனசு கேட்கவில்லை. நமக்கு ஒரு கதவு திறந்த மாதிரி நாலு பேருக்குத் திறக்க வேண்டாமா என்றார். ஊர் நூலகத்தின் கீழ்த்தளத்தில் பழைய நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறையைக் கேட்டு வாங்கி, இரண்டு பேருமாக ஒட்டடை அடித்து, சனிக்கிழமை காலையில் பெரியவர்களுக்கான எழுத்து வகுப்பு தொடங்கினார்கள். சம்பளம் கிடையாது, விடுமுறையும் கிடையாது. அவள் எழுத்துச் சொல்லிக்கொடுப்பாள். எழுத்துக் கூட்டத் தெரிந்துவிட்டால் அவரிடம் அனுப்புவாள். அவருடையது படிவ வகுப்பு. வங்கிப் படிவம், ஆஸ்பத்திரிப் படிவம், வேலை விண்ணப்பம் எல்லாவற்றையும் வரி வரியாகப் படிக்கச் சொல்லிப் பழக்குவார். ஏழு வருஷத்தில் நூறு பேருக்குக் குறையாமல் அந்த அறையில் எழுத்துக் கற்றுக்கொண்டு போனார்கள். அதில் இரண்டு பேர் அவர்கள் படித்த கல்லூரியிலேயே சேர்ந்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அப்படி இருந்த மனிதருக்குத்தான் அது வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அலுவலகக் கட்டடம் ஒன்றின் மொட்டை மாடியில், லிஃப்ட் இயந்திர அறையில் இருந்தார். கூட வேலை பார்க்கிறவர் கீழே போய் ஏதோ பாகம் எடுத்துக்கொண்டு வந்து பார்த்தபோது, அவர் துணியை வைத்துக்கொண்டு கட்டுப்பாட்டுப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பெட்டியில் ஒட்டியிருந்த பெயர்த் தகட்டை மறுபடியும் மறுபடியும்.

"என்ன பண்றீங்க?"

"எல்லாத்துலயும் கிரீஸ் ஒட்டிக்கெடக்கு. எழுத்தே தெரியல."

தகடு பளபளவென்றுதான் இருந்தது. அந்த நண்பர் விவரமானவர். ஒரு வார்த்தை பேசாமல் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

அவள் போய்ச் சேர்ந்தபோது அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கை கால் விழவில்லை, வாய் கோணவில்லை. "ஒண்ணுமில்ல டீச்சர், லேசா கண்ணு மங்கல்" என்றார். அவளுக்குப் போன உயிர் வந்தது. வலது பக்கம் பாதி பார்வை இல்லை என்று டாக்டர் சொன்னார். அது கொஞ்சம் பழகிவிடும் என்றார். பிறகு ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்து, மனசில் தோன்றுவதை எழுதச் சொன்னார்.

அவர் எழுதினார். எப்போதும் போலக் குண்டு குண்டான அழகான கையெழுத்து. 'எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. என்னை வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.'

டாக்டர் அந்தத் தாளை வாங்கி, ஒரு நிமிஷம் வேறு ஏதோ பேசிவிட்டு, மறுபடி அவரிடமே நீட்டினார். "இதைப் படிங்க."

அவர் பார்த்தார். இடது பக்கம் சாய்த்துப் பார்த்தார். எட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு, "இது யார் எழுதுனது?" என்று கேட்டார்.

அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே கூட்டிவந்து, வந்திருப்பது ஸ்ட்ரோக் என்று டாக்டர் விளக்கினார். கண் நன்றாக இருக்கிறது, பேச்சு இருக்கிறது, எழுதுகிற கை இருக்கிறது. கண் பார்க்கிற எழுத்தைப் படிக்கிற இடத்துக்குக் கொண்டுபோகிற வழி மட்டும் மூளையில் அடைபட்டுவிட்டது. எழுதுகிற வழி வேறு, அதனால் அது தப்பித்துவிட்டது.

"திரும்ப வருமா டாக்டர்?"

"சில பேருக்குக் கொஞ்சம் வருது. பயிற்சி குடுத்துப் பாருங்க. நீங்க என்ன பண்றீங்க?"

"எழுத்துச் சொல்லிக்குடுக்கறேன்" என்றாள். மனசின் ஒரு மூலையில் தெம்பாகத்தான் இருந்தது. அறுபது வயசுக்காரர்களுக்கே எழுத்து வரவழைத்தவள், சொந்தப் புருஷனுக்கு வரவழைக்க மாட்டாளா? ஒரு கை பார்த்துவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

கம்பெனி அவரை வேலையிலிருந்து விடுவித்தது. பாதிப் பார்வையோடும் படிக்கத் தெரியாமலும் லிஃப்ட் குழிக்குள் இறங்க யாரும் விடமாட்டார்கள். அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அவள் சாயங்காலங்களில் பாடத்தைத் தொடங்கினாள். எழுத்து அட்டை, மணல் தட்டு, பெரிய எழுத்துப் பலகை எல்லாவற்றையும் சனிக்கிழமை வகுப்பிலிருந்து வீட்டுக்குத் தூக்கிவந்தாள். 'க' என்று அட்டையைக் காட்டினால் அவர் முகத்தில் ஒன்றும் தோன்றாது. அதே 'க'வை அவர் உள்ளங்கையில் விரலால் எழுதினால் உடனே சொல்லிவிடுவார். அதைக் கண்டுபிடித்த அன்று இரண்டு பேரும் சிறுபிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். அதற்கப்புறம் அவரே அச்செழுத்தின் மேல் விரலை ஓட்டி ஓட்டி, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லப் பழகினார்.

ஆனால் ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. வரியின் கடைசிக்கு வரும்போது முதல் வார்த்தை மறந்துபோயிருக்கும். நெற்றியில் வேர்த்து, தலைவலி வந்து படுத்துவிடுவார். இரண்டு மாதம், நான்கு மாதம், ஆறு மாதம். வரிக்குக் கால் மணி நேரம் என்பது பத்து நிமிஷமாகக்கூடக் குறையவில்லை.

வகுப்பில் ஒரு தையல்காரம்மா இருந்தார். ஐம்பத்தெட்டு வயது. இவளுடைய புருஷனிடம்தான் படிவம் நிரப்பப் பழகினவர். வாத்தியாரின் நிலைமை கேள்விப்பட்டதும், "சாரை ஒரு நாள் கூட்டிட்டு வாங்கம்மா. நான் பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுக்கறேன். எனக்கே வந்துச்சு, அவருக்கு வராதா?" என்றார்.

அவர் வந்தார். மாணவர்கள் உட்காரும் பக்கத்தில் உட்கார்ந்தார். "அக்கா, நான் மக்கு மாணவன். அடிக்கக் கூடாது" என்று கையை நீட்டிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரம்மா ஊசியில் நூல் கோர்க்கிற பொறுமையோடு அவர் விரலைப் பிடித்து எழுத்தின் மேல் ஓட்டினார். மூன்று சனிக்கிழமை இப்படி நடந்தது. நாலாவது சனிக்கிழமை தையல்காரம்மாவுக்கு வாசிக்கும் முறை வந்தது. சிறுவர் புத்தகம் ஒன்றில் முழுப் பக்கத்தையும், எங்கேயும் நிற்காமல், மூச்சு வாங்க மட்டும் நின்று, வாசித்து முடித்தார். வாழ்க்கையில் முதல் தடவை. அறையே கைதட்டியது. மாணவர் வரிசையில் இருந்த அவரும் தட்டினார்; மற்றவர்களைவிட அதிகமாகவே தட்டினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது பேருந்தில், "அடுத்த வாரத்துலேருந்து நீ மட்டும் போ" என்றார்.

"ஏங்க? அந்தம்மா ஏதாவது நெனச்சுக்குவாங்க."

"அவங்க நல்லா படிச்சாங்கல்ல?"

"ம்."

"அது போதும். வீட்டுலயும் அட்டையெல்லாம் எடுத்து வச்சிடு. உன்னால ஆனத நீ பண்ணிட்ட."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நூறு பேருக்குக் கைகொடுத்த வித்தை ஒருத்தருக்குப் பயன்படவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

அதன் பிறகு ஒரு வழக்கம் வந்தது. சாயங்காலம் அவள் காப்பகத்திலிருந்து வந்ததும், தேநீரோடு இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்வார்கள். அன்றைக்கு வந்த தபால் முழுவதையும் அவள் வாய்விட்டுப் படிக்க வேண்டும். "நீயா எதையும் தள்ளாத" என்பது அவர் போட்ட நிபந்தனை. மெத்தைக் கடை விளம்பரம்கூடக் கடைசி வரி வரைக்கும் ஓடும். "பஞ்சு ரகம் எத்தனைன்னு போட்டிருக்கான்?" என்று கேட்பார். மெத்தை வாங்கும் உத்தேசம் யாருக்கும் கிடையாது.

பாப்பாவுக்குப் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியலில் இடம் கிடைத்த கடிதத்தையும் அப்படித்தான் படித்தாள். ரயிலில் எட்டு மணி நேரம் போக வேண்டிய ஊர். அவர் நாலு தடவை படிக்கச் சொன்னார். நாலாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மறுநாள் முழுக்க அவர்கள் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தார் என்று கீழ்வீட்டுக்காரர் சொல்லிச் சிரித்தார். ஏறுகிறவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு கட்டடம் கட்டப் போறா. லிஃப்டுக்கு நல்லா எடம் விட்டுக் கட்டச் சொல்லியிருக்கேன்" என்றாராம். ஸ்ட்ரோக் வந்ததற்குப் பிறகு அவர் அப்படி வாயாடியது அன்றைக்குத்தான்.

இதெல்லாம் நடந்து ஐந்து வாரம் இருக்கும். ஒரு வியாழக்கிழமை. தபாலில் மூன்று உறைகள். முதலில் மின்சாரத் துறை அறிவிப்பு, அப்புறம் பல் மருத்துவர் நினைவூட்டல். மூன்றாவது உறையில் பல்கலைக்கழகத்தின் முத்திரை இருந்தது. விடுதி அறை ஒதுக்கிய கடிதமாக இருக்கும் என்று பிரித்தாள். பிரித்த வேகத்தில் படித்தும்விட்டாள்.

"பெற்றோர் அவர்களுக்கு. தங்கள் மகளுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தை விட்டுக்கொடுப்பதாகத் தாங்கள் கையொப்பமிட்டு அனுப்பிய படிவம் கிடைத்தது. அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில்..."

வாய் தானாக நின்றுவிட்டது.

"காத்திருப்போர் பட்டியலில்? மேல படி."

"...அடுத்து இருந்தவருக்கு வழங்கப்பட்டுவிட்டது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்."

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "வேற யாருக்கோ வர வேண்டியது நமக்கு வந்திருக்கு. பேரைப் பாரு."

பாப்பாவின் பெயர்தான் இருந்தது. கூடவே அவர்கள் அனுப்பியதாகச் சொன்ன படிவத்தின் நகலும் இருந்தது. அதன் கீழே, கோட்டுக்குச் சற்றே இடது பக்கம் ஒதுங்கி, குண்டு குண்டான எழுத்தில் அவருடைய கையெழுத்து. அவரால் அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. அவள்தான் சொல்ல வேண்டும்.

"உங்க கையெழுத்து இருக்குங்க."

பாப்பா அறைக் கதவில் வந்து நின்றாள். எத்தனை நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. தபால் நேரத்துக்கு முன்னாலேயே வந்து பெட்டியைப் பார்க்க வேண்டும் என்று மூன்று வாரமாக ஓடி வந்துகொண்டிருந்திருக்கிறாள். அன்றைக்குப் பேருந்து தாமதம்.

"அன்னிக்கு ஒரு ஃபார்ம் கொண்டு வந்தியே" என்றார் அவர். குரல் உயரவில்லை. "என்ன ஃபார்ம்னு கேட்டேன்ல?"

"கேட்டீங்கப்பா."

"என்ன சொன்ன?"

"லைப்ரரி கார்டு புதுப்பிக்கன்னு."

"லைப்ரரி கார்டு" என்று அவர் திருப்பிச் சொன்னார்.

ஏழு வருஷம் சனிக்கிழமை தோறும் அவர் ஒரே பாடத்தைத்தான் நடத்தினார். முதலில் படி, இன்னொரு தடவை படி, புரியவில்லையா, யாரிடமாவது கேட்டுப் படி, அதற்கப்புறம்தான் பேனா மூடியைத் திற. பாப்பா அந்த அறையில் நாற்காலி எடுத்துப் போட்டு வளர்ந்தவள். இது அவளுக்கு மனப்பாடம்.

"ஏண்டி இப்படிப் பண்ண?" என்று அம்மா கேட்டாள். கடிதத்தை மேஜையில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

பாப்பா அழவில்லை. நிறைய நாள் யோசித்து வைத்திருந்தவள் மாதிரிப் பேசினாள். "நீங்க காலைல ஆறு மணிக்குக் கெளம்பறீங்க. வர்றதுக்கு அஞ்சு ஆகுது. நடுவுல அப்பாவ யாரு பாக்கறது? போன மாசம் காலை மாத்திரையும் ராத்திரி மாத்திரையும் மாறிப் போச்சு. மயக்கமா கெடந்தாரு. ஸ்கூல்லேருந்து வந்து நான்தான் பாத்தேன். உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு. அதுக்கு முன்னாடி ஒரு நாள் பஸ் நம்பர் தெரியாம எங்கயோ எறங்கிட்டாரு. ரெண்டு மணி நேரம். அதையும் சொல்ல வேணாம்னாரு."

அம்மா அவரைப் பார்த்தாள். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு நாங்க ஏதாவது ஏற்பாடு பண்ணியிருப்போம். நான் வேலைய விட்டிருப்பேன்."

"விட்டா? பாதி நாள் நீங்க சிரிக்கிறதே காப்பகத்துலேருந்து வரும்போதுதான். அத நான் விடச் சொல்லவா?" பாப்பா மூச்சு வாங்கினாள். "நான் ஒண்ணும் படிக்காம இருக்கப் போறதில்லம்மா. இங்க நம்ம காலேஜ்ல சேரப் போறேன். நீங்க ரெண்டு பேரும் படிச்சது. அங்க படிச்சுத்தான அப்பா மெக்கானிக் ஆனாரு, நீங்க டீச்சர் ஆனீங்க? வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் அதுமாதிரி எடம் உண்டான்னு சொல்வீங்க. எனக்குன்னு வரும்போது மட்டும் அது கொறைச்சலாப் போச்சா?"

அம்மா வாயைத் திறந்தாள். அது எங்களுக்குக் கிடைத்த ஒரே படி, நாங்கள் அதில் ஏறியது நீ இன்னும் மேலே நிற்பதற்காக என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அந்தக் கல்லூரியைப் பற்றி இத்தனை வருஷம் ஊரெல்லாம் பேசிய பேச்சு என்ன ஆவது? இரண்டுமே உண்மைதான்.

அவர் எழுந்தார். மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டு அறைக்குப் போனார். கதவோரத்தில் நின்று, திரும்பாமலேயே, "காலேஜ் விஷயம் வேற பாப்பா" என்றார். "கண்ணு தெரியாதவன்கிட்ட சில்லறைய மாத்திக் குடுக்கற மாதிரி பண்ணிட்ட."

அப்போதுதான் பாப்பா அழுதாள்.

மறுநாள் காலையில் காப்பகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவள் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தாள். மூன்று இடம் மாற்றி மாற்றிக் கொடுத்து, கடைசியில் சேர்க்கைப் பிரிவு அதிகாரி ஒருவர் கிடைத்தார். மரியாதையான மனிதர். முழுக்கக் கேட்டார்.

"கையெழுத்து உங்க வீட்டுக்காரரோடதுதானம்மா?"

"அவரோடதுதான் சார். ஆனா என்னன்னு தெரியாம போட்டது. அவரால படிக்க முடியாது."

"அவருக்குப் படிக்க வராதுன்னா, படிச்சுச் சொன்னது யாரு?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அம்மா, நான் சொல்றதக் கேளுங்க. பொய் சொல்லி வாங்கின கையெழுத்துன்னு நீங்க எழுதிக் குடுத்தா விசாரணை வரும். அது பொண்ணு மேலதான் வரும். அப்புறம் எந்த வருஷமும் இங்க சேர முடியாது. எழுதிக் குடுக்காட்டா, கையெழுத்து செல்லும். எடம் எடுத்த பிள்ளையும் சேர்ந்துடுச்சு. ரெண்டு வழியிலயும் என்னால ஒண்ணும் பண்ண முடியல."

"அடுத்த வருஷம்?"

"புதுசா விண்ணப்பிக்கலாம். கெடைக்கும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது."

நன்றி சொல்லி வைத்தாள். வேறு என்ன சொல்வது?

நாலு நாள் அவர் மகளிடம் பேசவில்லை. அதைக் கோபம் என்று சொல்ல முடியாது. அவள் எதிரே வந்தால் ஒதுங்கி வழி விடுவார். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். பாப்பா மாத்திரை டப்பாவை எடுத்து வைத்தால், ஒவ்வொரு மாத்திரையாக விரலால் தடவி, வடிவத்தை வைத்துத் தெரிந்துகொண்டு போட்டுக்கொள்வார். வட்டமானது காலை, நீளமானது ராத்திரி என்று அவரே ஒரு கணக்கு வைத்துக்கொண்டுவிட்டார். இதை முன்னாலேயே செய்திருந்தால் என்று மனைவிக்குத் தோன்றியது.

சனிக்கிழமை வகுப்புக்குப் போகக் கால் வரவில்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை. எட்டுப் பேர் காத்திருப்பார்கள். போனாள். தையல்காரம்மா வகுப்பு தொடங்குவதற்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை. கெட்டியான நீலத் துணியில், உள்ளே மூன்று அறை வைத்து, வாய்க்கு ஜிப் போட்டுத் தைத்தது.

"பாப்பாவுக்கு. ரயில்ல போறப்ப புத்தகம் வச்சுக்கட்டும். என்னிக்குக் கெளம்புது?"

பையின் ஓரத்தில் வேறு நிற நூலால், கொஞ்சம் கோணலாக, பாப்பாவின் பெயரை அவரே எழுத்துக் கூட்டித் தைத்திருந்தார். ஒரு பிழையும் இல்லை.

"இன்னும் தேதி ஆகலக்கா" என்றாள் அவள். பையை வாங்கிக்கொண்டு, பலகை பக்கம் திரும்பி, அன்றைக்கு என்ன பாடம் என்று யோசிப்பது போல வெகுநேரம் நின்றாள். தையல்காரம்மா எதையோ புரிந்துகொண்டிருக்க வேண்டும். மேற்கொண்டு கேட்கவில்லை. தானே எழுந்து எல்லோருக்கும் நோட்டுப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார்.

சமுதாயக் கல்லூரியில் சேர்க்கை நாள் வந்தது. அவர் வரமாட்டார் என்று அவள் நினைத்திருந்தாள். காலையில் எழுந்து சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்றார். "நமக்கு அந்தக் கட்டடம் சோறு போட்டிருக்கு. முகத்தத் தூக்கி வச்சுக்கிட்டுப் போகக் கூடாது" என்றார். பாப்பாவைப் பார்த்து, "கட்டட வரைபடம் பிரிவு இருக்காமே, அதுல சேரு" என்றும் சொன்னார். நாலு நாளைக்கப்புறம் அவளிடம் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். பாப்பா தலையாட்டினாள்.

அலுவலக மேலாளரம்மா அவர்களைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டார். இவர்கள் படித்த காலத்திலிருந்து அங்கேயே இருப்பவர். "படம் கீறிக்கிட்டுப் பின்னாடி உக்காந்திருக்குமே, அந்தப் பொண்ணா இது?" என்று பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பா, அம்மா, இப்ப பொண்ணு. ஒரே குடும்பத்துல மூணு பேர். எங்க மாத இதழ்ல போட்டே ஆகணும். நீங்க மாட்டேன்னு சொல்லக் கூடாது."

மாட்டேன் என்று சொல்ல மூன்று பேரும் நினைத்தார்கள். யாரும் சொல்லவில்லை.

இதழ் வேலை பார்க்கும் இளம்பெண் ஒருத்தி நோட்டோடு வந்தாள். சனிக்கிழமை வகுப்பைப் பற்றிக் கேட்டாள். எத்தனை வருஷம், எத்தனை பேர் என்றெல்லாம் மனைவிதான் பதில் சொன்னாள். பாப்பாவிடம் அந்தப் பெண், "வேற எங்கயும் இடம் கிடைக்கலையா, இல்ல விரும்பித்தான் இங்க வந்தீங்களா?" என்று கேட்டாள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத கேள்வி.

"விரும்பித்தான்" என்றாள் பாப்பா.

இளம்பெண் மளமளவென்று ஒரு பத்தி எழுதி முடித்து, தாளைக் கிழித்து அவரிடம் நீட்டினாள். "அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துச் சொல்லிடுங்க சார். தப்பு இருந்தா திருத்திக்கலாம்."

அவர் தாளை வாங்கினார். மனைவி கை நீட்டுவதற்குள், அவர் அதை இடது பக்கம் நகர்த்தி மகளிடம் கொடுத்தார். "நீ படி."

பாப்பா படித்தாள். முதல் வரியில் குரல் பிசிறியது, பிறகு சரியாகிவிட்டது. "தொண்டும் கல்வியும் குடும்பமும் வேறு வேறல்ல என்று வாழும் தம்பதியரின் மகள், பெற்றோரின் வழியையே தானும் விரும்பித் தேர்ந்தெடுத்திருக்கிறார். அவருக்கு முழு மனதுடன் அனுமதி அளித்த தந்தை..." அங்கே ஒரு கணம் நின்றாள். பிறகு அதையும் விடாமல் முடித்தாள்.

அவர் கடைசி வரை கேட்டார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, அந்தப் பெண்ணுக்குக் கேட்காத மாதிரி, தணிந்த குரலில் கேட்டார்.

"அப்படித்தான் போட்டிருக்கா?"

பாப்பாவுக்குக் கேட்டுவிட்டது. அவள் தாளைப் பார்த்தபடியே நின்றாள். காது மடல் மட்டும் சிவந்துபோயிருந்தது.

"அப்படித்தான் போட்டிருக்குங்க" என்றாள் மனைவி.

"சரிம்மா, போட்டுக்கோங்க" என்று அவர் அந்த இளம்பெண்ணிடம் சொன்னார்.

படிக்கட்டுக்குக் கீழே மூன்று பேரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். வெயில் நேரே முகத்தில் அடித்தது. இன்னும் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொன்னாள் அந்தப் பெண். நெருங்கி நின்றார்கள். வலது பக்கம் நிற்கும் மகள் அவர் பார்வைக்கு அகப்பட மாட்டாள் என்பது மனைவிக்குத் தெரியும். பாப்பாவும் அதைத் தெரிந்துதான் அந்தப் பக்கம் போய் நின்றாளோ என்னவோ. சிரிக்கச் சொன்னபோது மூன்று பேரும் சிரித்தார்கள். பிறகு பாப்பா வரிசையில் நின்று அடையாள அட்டை வாங்கப் போனாள். அவர்கள் இரண்டு பேரும் நிழலாகப் பார்த்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, வரிசை நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நாற்பது பேர் இருந்தார்கள்.